நடுக் கூண்டுகள் அசையவில்லை

என் பெயர் விஜயராணி, தகப்பனார் பெயர் செல்லன். வயது ஐம்பத்தொன்று. தஞ்சோங் காராங்கிலிருந்து உள்ளே போகும் சாலையில், புக்கிட் கெலாடி தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், ஒன்பதாம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். அது கம்பெனி வீடு. அதே தோட்டத்தின் செம்பனை எண்ணெய் ஆலையில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். என் அடையாள அட்டையை இந்தப் போலீஸ் நிலையத்து சார்ஜன் நாகமணி வாங்கிப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டார். நான் சொல்வதைத் தமிழிலேயே எழுதிக்கொண்டு பிறகு மலாயில் மொழிபெயர்ப்பதாக அவர் சொன்னார்.

இது நான் கொடுக்கும் இரண்டாவது வாக்குமூலம். முதலாவதை மார்ச் மூன்றாம் தேதி மாலை, ஆலையில் சம்பவம் நடந்த அன்றே, இதே அறையில் வேறு ஓர் அதிகாரியிடம் கொடுத்தேன். அதில் ஒரு பொய் இருக்கிறது. அதைத் திருத்தவே இன்று மார்ச் இருபத்து மூன்றாம் தேதி வந்திருக்கிறேன். என்னை நானே குற்றத்தில் மாட்டிவிடும் பேச்சைப் பேசாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்று சார்ஜன் இரண்டு முறை எடுத்துச் சொன்னார். இரண்டாம் முறை பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார். எனக்குப் புரிந்தது. பயமாகத்தான் இருக்கிறது. என் கால் நடுக்கத்தில் நாற்காலி கடகடவென்று ஆடுகிறதென்று வேறு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அதுவும் ஆடுகிறது. ஆனாலும் நான் சொல்லாவிட்டால், வீரன் என்பவன் செய்யாத கொலைக்கு ஆயுள் முழுக்க உள்ளே கிடப்பான், அல்லது தூக்கில் தொங்குவான்.

வீரன் என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். அதனால் அவன், இவன் என்றே சொல்லி வருகிறேன். மரியாதையாக எழுத வேண்டுமானால் சார்ஜன் திருத்திக்கொள்ளலாம்.

என்னை இங்கே காரில் அழைத்துவந்தது அந்தச் சம்பவத்தில் இறந்துபோன சுகுமாரனின் மனைவி தனேஸ்வரி. வீரனுக்கு எதிராக இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவள் வெளியே காரில் காத்திருக்கிறாள்.

என் வேலை என்னவென்றால், லோரிகள் கொண்டுவந்து கொட்டும் செம்பனைக் குலைகள் ரேம்ப் என்கிற சரிவு மேடையில் கிடக்கும், மேடைக்குக் கீழே தண்டவாளத்தில் நான்கு சக்கரம் வைத்த இரும்புக் கூண்டு வண்டிகள் நிற்கும், நான் நெம்புகோலை இழுத்தால் மேடையின் கதவு திறந்து குலைகள் கூண்டுக்குள் விழும். ஒரு கூண்டு இரண்டரை டன் குலை பிடிக்கும். நிறைந்த கூண்டுகள் முன்னே போய் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும். வரிசையின் தலைமாட்டில், குலைகளை ஆவியில் அவிக்கும் பெரிய இரும்பு உருளை இருக்கிறது. அதற்கு ஆள் உயரத்துக்கு மேல் கனத்த வட்டக் கதவு. ரேம்ப்புக்கும் அந்தக் கதவுக்கும் நடுவே முப்பது மீட்டருக்கு மேல் இருக்கும், இடையில் தூண்கள் வேறு. என் இடத்திலிருந்து வரிசையின் வால்தான் தெரியும், தலை தெரியாது.

கூண்டுகளை மோட்டாரும் கம்பிக் கயிறும் கொண்டுதான் நகர்த்த வேண்டும் என்பது விதி. மோட்டார் பிப்ரவரி பாதியில் கெட்டுப்போனது. உண்மையைச் சொன்னால், கெடுவதற்கு முன்பும் அதை நாங்கள் அதிகம் தொட்டதில்லை. ரேம்ப்பின் அடியில் தண்டவாளம் முன்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கட்டையை எடுத்தால் கூண்டு தானாக உருண்டுபோய், சமதளத்தில் நிற்கும் வரிசையின் வாலில் முட்டி நின்றுகொள்ளும். இதை நாங்கள் முட்டு விடுவது என்போம். கயிறு கட்டி இழுத்தால் கால் மணி நேரம், முட்டு விட்டால் அரை நிமிடம்.

முட்டு விடுவதற்கு முன் தண்டவாளத்தை இரும்புக் கம்பியால் மூன்று முறை தட்ட வேண்டும். தலைமாட்டில் நிற்கிறவர், வழியில் ஆள் இல்லையென்றால், பதிலுக்கு ஒரு முறை தட்டுவார். அந்த ஒற்றைத் தட்டு வந்த பிறகுதான் கட்டையை எடுக்க வேண்டும். இது எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள், பதினெட்டு ஆண்டுகளாகத் தட்டினேன்.

பிப்ரவரி இருபத்தாறாம் தேதி காலை தேநீர் நேரத்தில் வீரன் எல்லார் முன்னிலையிலும் என்னைக் கேலி செய்தான். அவன் ஃபிட்டர் சுகுமாரனுக்கு உதவியாள், தலைமாட்டில்தான் எப்போதும் நிற்பான். "என்னாக்கா, கோயில் மணியா அடிக்கிறீங்க? நாளு முச்சூடும் டங்கு டங்குன்னு காது செவிடாப் போச்சுலா," என்றான். ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், அது தோட்டம் முழுக்கத் தெரியும். "இனிமே உனக்காகத் தட்டுனா என் பேர மாத்திக்கிறேன்டா," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். அன்று முதல் தட்டவில்லை. அவன் சாவகாசமாக நின்றுகொண்டிருக்கும்போது கூண்டு வந்து முட்டி அவன் ஒரு தடவை பதற வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அதையும் எழுதுங்கள் என்று சார்ஜனிடம் சொன்னேன். ஐந்து நாள் தட்டவில்லை, ஐந்து நாளும் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால் அதுவே பழக்கமாகிவிட்டது.

மார்ச் இரண்டாம் தேதி வீரனுக்கும் சுகுமாரனுக்கும் வாக்குவாதம் நடந்தது. வீரன் கொதிகலனுக்குப் பின்னால் படுத்துத் தூங்குவதை சுகுமாரன் மேலே சொல்லிவிட்டார் என்பதுதான் காரணம். "ஒரு நாளைக்கி உன்னை அந்தக் கதவுல வச்சு நசுக்கல, பாரு," என்று வீரன் கத்தினான். நாங்கள் ஆறு பேர் கேட்டோம். முதல் வாக்குமூலத்தில் அதை நான் சொன்னேன், அது உண்மை. அவன் வாய் அப்படிப்பட்டது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். போன தீபாவளிக்கு என்னையே எண்ணெயில் போட்டுப் பொரிப்பேன் என்றவன் அவன்.

மார்ச் மூன்றாம் தேதி காலை பத்து இருபது இருக்கும். வரிசையில் ஐந்து நிறைந்த கூண்டுகள் நின்றன. அவற்றுக்கு முன்னால், தலைமாட்டில், சக்கரம் கிறீச்சிடுகிறது என்று ஒரு காலிக் கூண்டை ஒட்டி நிறுத்தி சுகுமாரன் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியாது. யாராவது தலைமாட்டில் பழுது பார்த்தால் ரேம்ப்பில் சிவப்புத் துணி தொங்கவிட வேண்டும், அன்று தொங்கவில்லை. துணி இல்லாவிட்டால் என்ன, தட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

நான் ஆறாவது கூண்டை நிரப்பி முடித்தேன். கம்பி என் பக்கத்தில் தூணில் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்தேன். எடுக்கவில்லை. குனிந்து கட்டையை உருவினேன்.

கூண்டு ஓர் ஆள் எட்டி நடக்கிற வேகத்தில் உருண்டுபோய் வரிசையின் வாலில் முட்டியது. டங்கென்று ஒரு சத்தம் வரிசை நெடுகப் போனது. முட்டிய கூண்டு முட்டிய இடத்திலேயே நின்றுவிட்டது. பின்னாலும் வரவில்லை, முன்னாலும் போகவில்லை. நின்றது என்றால் முடிந்தது என்றுதான் நான் திரும்பினேன். அதன்பின் அலறல் கேட்டது.

நான் ஓடினேன். காலிக் கூண்டு கதவை ஒட்டி நின்றது. கதவுக்கும் கூண்டுக்கும் நடுவில் சுகுமாரன் இருந்தார். வீரன் ஒரு கையை முன்னால் நீட்டியபடியே நின்றான். "கை வச்சேன், கை வச்சேன், அவ்வளவுதான்," என்று அதையே சொன்னான். பிறகு நான்கு பேர் சேர்ந்து கூண்டைப் பின்னே தள்ள, நான் சுகுமாரனைத் தாங்கிப் பிடித்துக் கீழே கிடத்தினேன். என் தலைத்துண்டை அவிழ்த்து அவர் இடுப்பில் கட்டினேன். கட்டும்போதே துண்டு நனைந்துவிட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, வீரன் தள்ளிட்டான்," என்றார். அதன்பின் நான் கேட்க அவர் வேறு எதுவும் பேசவில்லை. அவர் முதுகு கூண்டின் பக்கம் இருந்தது, ஆகவே எது தள்ளியது என்று அவர் பார்த்திருக்க முடியாது. இது எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது.

அன்று மாலை இங்கே விசாரித்த அதிகாரி, நான் ஏதாவது கூண்டை விட்டேனா என்று கேட்டார், விட்டேன் என்றேன். தட்டினாயா என்றார். மூன்று முறை தட்டினேன், பதில் தட்டு வந்தது, அதன்பின்தான் விட்டேன் என்று சொன்னேன். அதுதான் பொய். யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை, கேள்வி வந்த வேகத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது.

பிறகு அவர் காமிராவில் பதிந்ததைக் காட்டினார். அந்தக் காமிரா தலைமாட்டைப் பார்த்தபடி இருக்கிறது. அதில் காலிக் கூண்டும் அதற்குப் பின்னால் ஒரு நிறைந்த கூண்டும் மட்டும் தெரியும். வீரன் குனிந்து காலிக் கூண்டின் கட்டையைத் தட்டி எடுக்கிறான், நிமிர்ந்து கூண்டின் மேல் கை வைக்கிறான், கூண்டு பாய்கிறது. பின்னால் உள்ள நிறைந்த கூண்டு நின்றபடி நிற்கிறது. "பக்கத்தில் உள்ளதே அசையவில்லை, நீ விட்டது அதற்கும் பின்னால் நான்கு கூண்டு தள்ளி, நீ வீட்டுக்குப் போகலாம்," என்று அதிகாரி மலாயில் சொன்னார். தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போலிருந்தது. அந்தப் படத்தில் இன்னொன்றும் பார்த்தேன், அதைப் பின்னால் சொல்கிறேன். வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டேன். 

மார்ச் ஐந்தாம் தேதி மருத்துவமனையில் சுகுமாரன் இறந்தார். தனேஸ்வரி எனக்குப் பக்கத்து வீடு, இருபது ஆண்டுப் பழக்கம். காரியங்கள் எல்லாவற்றிலும் நான் கூடவே இருந்தேன். பதினேழாம் தேதி வீரன்மேல் கொலைக் குற்றம் சாட்டினார்கள். அன்று தனேஸ்வரி என் மடியில் தலைவைத்து அழுதுகொண்டே, "நீங்கதான்க்கா அவரக் கடைசியா தொட்டுப் பாத்தவங்க," என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

மார்ச் இருபதாம் தேதி பதினாறாம் நாள் கருமக்கிரியை நடந்தது. பந்தலில் சாப்பாடு முடிந்த பிறகு ஆண்கள் கேரம் பலகையைப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் ரசவாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். யாரோ விளையாட்டுக்காக ஐந்து காய்களை ஒட்டினாற்போல் நேர்கோட்டில் அடுக்கி, ஒரு கடைசியில் இன்னொரு காயால் சுண்டி அடித்தார். டக்கென்று ஒரு சத்தம். சுண்டிய காய் நின்றது, நடுவில் உள்ள காய்கள் நின்றன, மறுகோடியில் இருந்த காய் மட்டும் ஓடிப்போய்க் குழியில் விழுந்தது.

வாளி என் கையிலிருந்து நழுவிவிட்டது. வழுக்கிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.  ஆலையில் முட்டிய கூண்டு முட்டிய இடத்தில் நின்றதே, அப்படியானால் அதன் வேகம் எங்கே போயிற்று என்று அந்த நொடியில்தான் என்னை நானே கேட்டேன். பதினெட்டு ஆண்டு முட்டு விட்டவள், ஒரு நாளும் கேட்டதில்லை.

பிறகு நான் அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஐந்து காய்களை அடுக்கினேன். கடைசியில் காய்க்குப் பதிலாக ஒரு தண்ணீர்ப் போத்தல் மூடியை ஒட்டி வைத்தேன், காலிக் கூண்டுக்கு அடையாளமாக. இன்னொரு காயால் சுண்டி அடித்தேன். மூடியை ஒட்டியிருந்த காய் கொஞ்சம் நகர்ந்தது, மூடி துள்ளிப் பலகைக்கு வெளியே போய் விழுந்தது. மறுபடி அடித்தேன், மறுபடியும் அப்படியே. ஐம்பது வயதுப் பெண் உட்கார்ந்து கேரம் அடிப்பதைப் பார்த்துச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாசலில் நின்ற தனேஸ்வரியும் சிரித்தாள். பதினாறு நாளில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை ஆலையின் உதவிப் பொறியாளர் பவனேஷைப் போய்ப் பார்த்தேன். கேரம் பலகையில் பார்த்ததைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு ஒரு தாளில் ஏழு பெட்டிகள் வரைந்தார். "எடையையும் வேகத்தையும் பெருக்குனா வர்றதுக்கு உந்தம்னு பேருக்கா, ஸ்கூல்ல மொமெண்டம்னு படிப்போம். அது எங்கயும் காணாமப் போவாது. உங்க கூண்டு நின்னுருச்சில்ல, அப்படீன்னா அதுகிட்ட இருந்தத வேற ஒண்ணு வாங்கிருச்சுன்னு அர்த்தம். நடுவுல உள்ளது வாங்கி வாங்கி அடுத்ததுக்குக் கொடுத்துரும். கடைசியில நிக்கிறதுக்குக் கொடுக்க ஆளில்ல, அதான் ஓடுது. அது வேற காலிக் கூண்டு. எடை கம்மியா இருந்தா வேகம் கூடிரும்லா," என்றார். காலிக் கூண்டுக்குப் பின்னால் இருந்த நிறைந்த கூண்டும் மிச்சத்தை வாங்கிக்கொண்டு கொஞ்சம் அசைந்திருக்கும், ஆனால் அதன் சக்கரத்தில் கட்டை இருந்ததால் ஒரு விரற்கடைக்குள் நின்றிருக்கும், தூரத்துக் காமிராவில் அது தெரியாது என்றும் சொன்னார்.

"காலிக் கூண்டு அத யாருகிட்ட சார் கொடுத்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். படத்தைப் பார்த்த அன்றே தெரியும் என்றார். "கேக்காதீங்கக்கா. மோட்டார ரிப்பேர் பண்ணாம விட்டது யாரு, சிவப்புத் துணி போடாதது யாரு, எல்லாம் வெளிய வரும். உங்க வீடு கம்பெனி வீடு. படத்துல வீரன் கை இருக்கு. அதோட விட்டுருங்க," என்றார். என்னை மிரட்டுவதற்காக அவர் சொன்னதாக நான் நினைக்கவில்லை.  வீட்டுக்கு வந்து, அதோடு விட்டுவிடுவது என்றுதான் நானும் முடிவு செய்தேன். வீரன் எனக்கு என்ன உறவா, சொந்தமா, வாய்த்துடுக்குப் பிடித்தவன்தானே என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ரேம்ப்பில் குலை விழும் சத்தம் லயம்வரை கேட்கும், ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டேன்.

நேற்று மதியம் வீரனின் மனைவி இராஜம்மா ராசா என்ற ஊரிலிருந்து என் வீட்டுக்கு வந்தாள். அவன் உள்ளே போன பிறகு தாய்வீட்டில் இருக்கிறாள். லயத்தில் யாரும் அவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நான் அப்போது மீன்குழம்பு கொதிக்கவிட்டிருந்தேன். அவள் சண்டைக்கு வந்திருப்பாள் என்று பயந்தேன். அவள் வாசற்படியிலேயே நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அக்கா, நீங்க பத்து வருசமா அவரப் பாக்கறீங்க. அவரு ஒரு கையில அவ்வளவு பலமா இருக்கு?" என்றாள்.  பிறகு அவளே, "ஜெயில்ல பாத்தப்ப என்கிட்டயே கேக்கறாரு. ஒருவேள நாந்தான் ஆத்திரத்துல பலமாத் தள்ளிட்டேனா, கை மீறிப் போச்சான்னு. மொதல்ல இல்ல இல்லன்னு கத்துனாரு. இப்ப தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு அவருக்கே சந்தேகம் வந்துருச்சுக்கா," என்றாள். அவள் போன பிறகு குழம்பை அடுப்பிலிருந்து இறக்க மறந்து அது தீய்ந்துவிட்டது. செய்யாதவன் செய்தேனோ என்று நம்பத் தொடங்கிவிட்டான், செய்த நான் மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

இன்று காலை சார்ஜன் நாகமணிக்குத் தொலைபேசியில் அழைத்து வருவதாகச் சொன்னேன். அவர் எண் முதல் நாள் கொடுத்த துண்டுத்தாளில் இருந்தது. நான் பேசியதை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தனேஸ்வரி கேட்டுவிட்டாள். பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம், நானே கூட்டிப்போகிறேன் என்று காரை எடுத்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வாய்க்கால் ஓரச் சாலையில் வரும்போது சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாயெடுத்தேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தேனே தவிர சொல்லவில்லை. அவள் எனக்காக ஃபிளாஸ்க்கில் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்திருந்தாள். இறங்கும்போது என் கையை அழுத்தி, "உள்ளதெல்லாம் சொல்லிருங்கக்கா. ஒண்ணு விடாம," என்றாள்.

நான் இவ்வளவும் சொன்ன பிறகு சார்ஜன், பக்கத்துக் கூண்டு அசையாமல் தலைமாட்டுக் கூண்டு மட்டும் எப்படிப் பாயும், இதை நீதிமன்றத்தில் யார் நம்புவார்கள் என்று கேட்டார். அவர் மேசை இழுப்பறையில் இருந்த இருபது சென் காசுகளை வாங்கி ஒட்டி அடுக்கி, கடைசியில் ஒரு ஐந்து சென் காசை வைத்து, இன்னொரு இருபது சென்னால் சுண்டிக் காட்டினேன். ஐந்து சென் காசு மேசையிலிருந்து பறந்து கீழே விழுந்தது. அவர் என்னை நகரச் சொல்லிவிட்டுத் தானே சுண்டிப் பார்த்தார். நான்கு தடவை சுண்டினார். ஒவ்வொரு தடவையும் ஐந்து சென்னைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்.

பிறகு முதல் நாள் பார்த்தும் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொன்னேன். காமிராப் படத்தில், வீரன் கை வைக்கும் அதே நேரம், பின்னால் அசையாமல் நிற்கும் கூண்டின் மேலிருந்து ஒரு பழம் உதிர்ந்து விழுகிறது. அன்று அதைப் பார்த்தபோது அது எனக்கு ஒரு பழமாகத்தான் தெரிந்தது. தினமும் ஆயிரம் உதிரிப் பழம் பொறுக்குகிறவள் நான். ஆனால் நிற்கிற கூண்டிலிருந்து பழம் தானாகக் குதிக்காது. பின்னாலிருந்து முட்டு வந்தால்தான் உதிரும். வீரன் கை அந்தக் கூண்டின்மேல் இல்லவே இல்லை. சார்ஜன் எழுந்துபோய் அந்தப் படத்தைக் கணினியில் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பழம் கூண்டின் விளிம்பை விட்டுக் கிளம்புகிறது, அதே நொடியில் காலிக் கூண்டும் கிளம்புகிறது.  பிறகு அதை எழுதிக்கொண்டார்.

ஆகவே மார்ச் மூன்றாம் தேதி சுகுமாரனை நசுக்கியது வீரன் தள்ளிய தள்ளு அல்ல. வீரன் கை வைத்தான், அது சக்கரம் கிறீச்சிடுகிறதா என்று பார்க்க ஒரு சாண் நகர்த்துகிற அளவுக்குத்தான். நசுக்கியது நான் விட்ட முட்டு. அது ஐந்து கூண்டுகள் வழியாகக் கைமாறி அவரிடம் போய்ச் சேர்ந்தது. நான் அவரைக் கொல்ல நினைக்கவில்லை. ஆனால் தட்டவில்லை. தட்டியிருந்தால் வீரன் பதிலுக்குத் தட்டியிருக்க மாட்டான், நானும் கட்டையை எடுத்திருக்க மாட்டேன், சுகுமாரன் இப்போது வேலையில் இருப்பார்.

முதல் வாக்குமூலத்தில் மூன்று முறை தட்டினேன் என்று எழுதியிருக்கும் வரியை அடித்துவிடும்படி கேட்டேன். எழுதியதை அடிக்க முடியாது, அதுவும் இருக்கும், இதுவும் பக்கத்தில் இருக்கும், கேட்பவர்கள் இரண்டையும் கேட்பார்கள் என்று சார்ஜன் சொன்னார். சரி என்றேன். இதன்பின் என்னைக் கைது செய்வார்களா என்று கேட்டேன். அதை முடிவு செய்வது மேலதிகாரி என்றார். வீரனை இன்றே விடுவார்களா என்று கேட்டேன். இன்று நடக்காது, ஆனால் இந்தத் தாள் இன்றே மேலே போகும் என்றார்.

இங்கே எழுதப்பட்டவை எனக்குத் தமிழில் நிறுத்தி வாசித்துக் காட்டப்பட்டன. இரண்டு இடங்களில் நான் திருத்தச் சொன்னது திருத்தப்பட்டது. என்னை யாரும் அடிக்கவோ மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. நான் அறிந்து, என் வாயால் சொன்னதுதான் இவ்வளவும். இதில் பொய் இல்லை, மறைத்ததும் இனி ஒன்றும் இல்லை.

கையெழுத்திடும் முன் சார்ஜன் ஒரு கேள்வி கேட்டார், அதையும் பதிலையும் சேர்க்கச் சொன்னேன். வெளியே இருக்கும் அந்த அம்மாளிடம் யார் சொல்வது என்று கேட்டார். நான்தான் என்றேன். ஒரு பெண் போலீஸ் உடன்வர எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். வெயிலுக்கு அவள் ஏசியைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றி வைத்திருப்பாள். நான் போய்க் கண்ணாடியை மூன்று முறை தட்டுவேன். அவளாகப் பார்த்து இறக்கும்வரை நின்று காத்திருப்பேன்.

கையெழுத்து: செ. விஜயராணி
எழுதியவர்: சார்ஜன் நாகமணி
மார்ச் 23, பிற்பகல் 1.40